மானுக்கும் கொரோனா: ரிவர்ஸ் கியரில் ஒரு வைரஸ் கதை

வைரஸ்னாலே வவ்வால்கிட்டேருந்து வந்தது, கோழிகிட்டேருந்து வந்ததுன்னுதான் படிச்சிருப்போம். வட அமெரிக்காவில் அது ரிவர்ஸ் கியரில் ஓடியிருக்கு மக்களே. நாம கொடுத்தோம், வெள்ளைவால் மான் வாங்கிக்கிச்சு.

கதை 1967-ல் தொடங்குது. கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைச்சு வச்சிருந்த மான்களை எலும்பும் தோலுமாக்கிக் கொல்ற ஒரு மூளை நோய் அப்போதான் கண்ணில் பட்டது. வைரஸ் இல்லீங்க, கோணலா மடிஞ்ச புரதம். அது காட்டு மான்களிலும் பரவ, பல மாநிலங்கள் வேட்டையில் விழுந்த மானோட தொண்டைப் பக்கத்து நிணநீர் முடிச்சை (நமக்கு நெறி கட்டுமே, அதேதான்) எடுத்து சோதிக்க ஆரம்பிச்சாங்க.

அயோவாவில் 2020 ஏப்ரல் முதல் 2021 ஜனவரி வரை இப்படி எடுத்து வச்ச 283 மான்களின் முடிச்சுகளை, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கொரோனாவுக்கு சோதிச்சுப் பார்த்தாங்க. 94-ல் வைரஸ்! அதிலும் வேட்டை சீசன் சூடா இருந்த நவம்பர் 23 முதல் ஜனவரி 10 வரைக்கும் எடுத்ததில் 97-க்கு 80. ஏதோ ஒரு வழுவுக்காகப் போட்டு வச்ச லாக் ஃபைல், சம்பந்தமே இல்லாத இன்னொரு வழுவைக் காட்டிக் கொடுத்த மாதிரி :-)

அப்புறம் அமெரிக்க விவசாயத் துறை பெரிய அளவில் மாதிரி சேகரிச்சது. 2023-ல் வந்த அந்த ஆய்வுப்படி, மனுஷன்கிட்டேருந்து மானுக்கு வைரஸ் தாவினது குறைஞ்சது 109 தடவை.

சரி, சுடுறவனுக்கு என்ன ஆபத்து? மான் பெரும்பாலும் சோர்ந்துகூடப் போறதில்லை, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கனடாவில் ஒன்டாரியோவில் 2021 கடைசியில் சுட்ட மான்களில் நிறைய உருமாறின வைரஸ் கிடைச்சது. அதுக்கு நெருங்கின வைரஸ், மான்களோட பழகின ஒரு மனுஷன்கிட்டயும் இருந்தது. கறி சாப்பிட்டு யாருக்கும் வந்ததா ஆதாரம் இல்லை. தோலுரிச்சுக் குடல் எடுக்கும்போதுதான் கையுறை, முகக்கவசம் வேணும்னு சொல்றாங்க. கறியை 74 டிகிரி செல்சியஸ் வரை வேக வைக்கணும்.

வேட்டைன்னாலே எனக்கு ஆகாது. ஆனா மனுஷங்ககிட்ட மறைஞ்சு போன ஆல்ஃபாவும் காமாவும் நியூயார்க் மான்களில் இன்னும் சுத்திக்கிட்டு இருந்ததைக் கார்னெல் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடிச்சதும், வேட்டைக்காரங்க சுட்ட மான்களின் முடிச்சுகளை வச்சுத்தான்.