சென்டர் ஸ்டாண்டு எங்கே போச்சு?

போன மாசம் ராசிபுரத்துல எங்க வீட்டு வாசல்ல என் பைக் சரிஞ்சு விழுந்துச்சு. மலிவா வாங்கின பேடாக் ஸ்டாண்டுல பின்சக்கரத்தைத் தூக்கி, செயினைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். எதிர்ப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, துணி எடுக்க அப்பதான் எழுந்து போனார். பைக் விழுந்தது அந்த முக்காலி மேலதான். திரும்பி வந்து பார்த்தவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஏன்டா, உன் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டே இல்லியா?"

இல்லை. ஏன் இல்லைன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோடு.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டாண்டு இருக்கும். அது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும். ஓட்டும்போது மட்கார்டோடு சேர்த்து மாட்டிவிடலாம். பிறகு அது வண்டியின் நடுவுக்கு நகர்ந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் முன் மட்கார்டைத் தாங்கும் கம்பியைக் கீழே இறக்கினால், அதுவே முன்சக்கர ஸ்டாண்டு! இவ்வளவு மெனக்கெட்டதுக்கு முக்கியமான காரணம் பஞ்சர். ட்யூப் டயர், நடுவழி, பக்கத்துல கடை கிடையாது. சக்கரத்தை நீங்களேதான் கழட்டணும். அதனால லிஃப்டையும் வண்டியோடவே சேர்த்து வித்தாங்க.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. (ஓசூர் 1965 வரைக்கும் சேலம் ஜில்லாதான், கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கலாம்.) அதை சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, பெடலை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்க. 1985-ல் வந்த சிடி100, ஆர்எக்ஸ்100 ரெண்டுக்கும் சென்டர் ஸ்டாண்டு உண்டு.

சின்ன வயசுல எங்க தெரு மெக்கானிக் எனக்குச் சொன்னது: "தூக்காத கண்ணு, மிதி." கை வண்டியைப் பிடிச்சா போதும், உடம்பு எடை முழுக்க ஸ்டாண்டு நுனியில் இறங்கினால் வண்டி தானா ஏறும். வெறும் நெம்புகோல் கணக்கு. இன்ஜினியரிங் முடிச்ச எனக்கு இது அப்புறமாத்தான் புரிஞ்சது.

அப்புறம் அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் வந்துச்சு. சக்கரத்தைக் கழட்டாமலே பஞ்சர் ஒட்டலாம். வளைவில் சாய்க்கும்போது உரசக்கூடாது, எடை குறையணும்னு ஸ்போர்ட்ஸ் பைக்குகள் சென்டர் ஸ்டாண்டைக் கழட்டிவிட்டன. 2012-ல் வந்த ட்யூக் 200-ல் சைலன்சரே இன்ஜினுக்கு அடியில் உட்கார்ந்துகிச்சு. கம்பெனிக்குக் காசும் மிச்சம்னு என் சந்தேகம். ஆனா செயினுக்கு எண்ணெய் விடற வேலை மட்டும் எங்கேயும் போகலை.

அந்த இடத்தை நிரப்பியது ரேஸ் மைதானத்திலிருந்து வந்த பேடாக் ஸ்டாண்டு. இதுவும் அதே நெம்புகோல்தான். என்னுடையது விழுந்ததுக்குக் காரணம், அது ஸ்விங்ஆர்முக்கு அடியில் வெறும் ரப்பர் கட்டையை மட்டும் கொடுத்துத் தாங்கும் வகை. ஒரு பக்கம் வழுக்கினால் முடிஞ்சுது. உங்க ஸ்விங்ஆர்மில் மரை போட்ட ஓட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தால் அதில் பாபின் மாட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டா வாங்குங்க. அடியில் சைலன்சர் ஓடுற வண்டிக்கு, இன்ஜினுக்குக் கீழே கொடுக்கும் லிஃப்ட் சரிவராது. முன்பக்கம் தூக்கணும்னா, பின்பக்கம் ஸ்டாண்டில் உறுதியா நின்ன பிறகுதான்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கிறதில்லை. பக்கத்துல கட்டை கொடுத்துடுவாங்க. இன்னொண்ணு, இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு செயின் துடைக்காதீங்க. துணி சிக்கினா விரலும் கூடவே போயிடும்.

பாபின் வந்து மாட்டியாச்சு. அப்பா ரெண்டு கையாலயும் வண்டியை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் முக்காலியைத் தூக்கிட்டுப் போய், சென்டர் ஸ்டாண்டில் நின்ன தன்னோட எக்ஸ்எல் பக்கத்துல போட்டு உட்கார்ந்துக்கிட்டார்.