35 நோயாளர்கள் சொன்ன தீர்ப்பு

காலின் ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி கழன்று, இதயத்தினூடாகச் சென்று நுரையீரல் நாடியை அடைப்பதுண்டு. இதற்குக் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுப்பது இன்று உலகெங்கும் வழமை. அந்த வழமை எத்துணைச் சிறிய அத்திவாரத்தின் மீது எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

ஹெப்பரின் 1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. எனினும் இந்நோயில் இவ்வகை மருந்து உயிர் காக்கிறதா என்பதை ஒப்பிட்டுச் சோதித்தவர்கள், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வைத்தியர்களான பரிட், ஜோர்டன் ஆகிய இருவருமே. அவர்களது ஆய்வு 1960 யூனில் லான்செட் சஞ்சிகையில் வெளியாயிற்று.

மருந்து பெறாத 19 பேரில் ஐவர் நாடியடைப்பால் மாண்டனர். வேறு ஐவருக்கு அடைப்பு மீண்டும் ஏற்பட்டது. மருந்து பெற்ற 16 பேரில் எவரும் நாடியடைப்பால் இறக்கவில்லை. நிமோனியாவும் குடற்புண்ணிலிருந்து குருதிப்பெருக்கும் கண்ட ஒருவர் மட்டும் இறந்தார். இனியும் மருந்தை மறுப்பது அறமாகாது எனக் கருதிய வைத்தியர்கள், 35 பேருடன் ஒப்பீட்டை நிறுத்தினர்.

பிற்காலத்து விவாதம் இங்கிருந்தே கிளைத்தது. அமெரிக்க வைத்தியர் டேவிட் கன்டிஃப் 2000களில் இச்சிகிச்சைக்குப் போதிய சான்றில்லை என்றும், குருதிப்பெருக்கின் தீங்கு குறைத்து மதிப்பிடப்படுகிறது என்றும் வாதிட்டார். பிரிஸ்டல் ஆய்வு சிறிதென்பதும், அங்கு நோய் வெளி அறிகுறிகளைக் கொண்டே பெரிதும் நிர்ணயிக்கப்பட்டதென்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் மருந்தின்றி நோயாளரை விட்டு அச்சோதனையை மீண்டும் நடத்த எந்த வைத்தியர் துணிவார்? கேள்வி நியாயமானது, விடை தேடும் வழியோ அடைபட்டது.

ஸ்கானில் மட்டுமே தெரியும் மிகச் சிறு கட்டிகள் அவ்வழியைச் சற்றுத் திறந்தன. அத்தகைய, ஆபத்துக் குறைந்தோர் எனத் தெரிவான 266 பேருக்கு மருந்து கொடாது அவதானித்த ஆய்வு 2021இல் வெளியானது. 90 நாட்களில் ஏறத்தாழ 3 வீதமானோருக்குக் கட்டி மீண்டும் தோன்றியது. ஆய்வாளர் எதிர்பார்த்ததிலும் இது அதிகம்.

சான்று சிறிதென்பது வேறு, சான்று பொய்யென்பது வேறு. மருத்துவச் செய்தி எழுதும் என் போன்றோர் இவ்வேறுபாட்டை மறந்து தலைப்பிட்டால், அதனை நம்பி எங்கோ ஒருவர் தம் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். விவாதம் ஆய்வாளருக்கு உரியது. மாத்திரையை நிறுத்தும் முடிவு, நோயாளரும் அவரது வைத்தியரும் கலந்து பேசி எடுக்க வேண்டியது.