மேலே கடிதம், கீழே மறுப்பு: தரங்கம்பாடியில் ஒரு விவாதம்

நம்பாதவரிடம் கிறித்தவ விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று போதிக்கும் கையேடுகளுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. அவற்றில் நம்பாதவர் ஒரு பொம்மலாட்டப் பொம்மை. அவர் கேட்க வேண்டிய கேள்வியை எழுதுகிறவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். நிஜமான ஐயவாதி இத்தகைய பிரதிகளுக்குள் எப்போது, எந்த வழியாக நுழைகிறார் என்பதே என் அக்கறை. தமிழ்ச் சூழலில் இதைப் பார்க்க ஓர் ஆவணம் இருக்கிறது.

1706 ஜூலையில், டேனிஷ் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதை மிஷன் வரலாறுகள் உருக்கமாகச் சொல்கின்றன. உருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் முக்கியமான காரியம் வேறு. 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். மறுக்க வந்தவர் முதலில் படிக்க உட்கார்ந்தார்.

அவர் உள்ளூர்க்காரர்களோடு நடத்திய உரையாடல்களின் குறிப்புகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. 1719இல் அவற்றில் 34 உரையாடல்கள் லண்டனில் ஆங்கில நூலாகவும் வந்தன. பதிவு செய்தவர் ஒரு தரப்புக்காரர் என்பதை மறக்காமல்தான் இவற்றை வாசிக்க வேண்டும். எழுதுகோல் இருக்கிற கைக்கே கடைசி வார்த்தையும் போய்ச் சேரும்.

1712க்கும் 1714க்கும் இடையில் நடந்தது இதிலிருந்து வேறுபட்டது. சீகன்பால்குவும் சக மிஷனரி கிரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பி எழுத்தில் பதில் கேட்டார்கள். கடவுள், சடங்கு, கல்வி, அன்றாட வாழ்க்கை எனப் பலவற்றையும் பேசும் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயில் வெளியாயின. கிறித்தவத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்பதும் கேள்விகளில் ஒன்று. வந்த பதிலின் சாரத்தை நம் பேச்சில் சொல்வதானால்: ஒங்க வேதம் நல்லதத்தான் சொல்லுது, இல்லேங்கல. ஆனா ஒங்க ஆளுங்க மாட்டை அடிச்சுத் திங்கறாங்க, குடிக்கறாங்க, கால்கழுவறதுகூட இல்ல. இதயெல்லாம் பாத்துக்கிட்டே அதுல வந்து சேருன்னா எப்படி?

இறையியல் தர்க்கத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. திரித்துவத்தை நிரூபித்துக்கொண்டிருப்பவரிடம் எதிராளி கோட்டையிலிருக்கும் வெள்ளைக்காரரின் நடத்தையைக் காட்டுகிறார். அந்தக் கோட்டையின் தளபதி ஹாசியுஸ்தான் 1708இல் சீகன்பால்குவையே பிடித்துச் சிறையில் அடைத்து, சுமார் நான்கு மாதம் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். அதிகாரமும் சுவிசேஷமும் ஒரே கப்பலில் வந்தாலும் ஒரே கட்சியாக இருக்கவில்லை.

ஆனால் ஐயவாதியின் குரல் என்று இதைக் கொண்டாடிவிட்டுப் போய்விடவும் கூடாது. சுத்தம், மாட்டிறைச்சி என்கிற பேச்சில் சாதியின் வாடையும் அடிக்கிறது. இவை எழுதத் தெரிந்தவர்களின் கடிதங்கள். 1707 மே மாதம் தரங்கம்பாடியில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்களோ டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். நம்பத் தொடங்கிய அவர்களுக்கும் சந்தேகங்கள் இருந்திருக்கும். இந்தத் தொகுப்பில் அவற்றுக்கு இடமில்லை.

அச்சான பக்கத்தின் அமைப்பும் கவனத்துக்குரியது. மேலே தமிழரின் கடிதம், கீழே மிஷனரியின் விளக்கமும் மறுப்பும். பெயரில்லாத ஒருவருக்குப் பேச இடம் தந்துவிட்டு, அடிக்குறிப்பில் அவரைத் திருத்துகிறார்கள். இது புதிதும் அல்ல. செல்சஸ் கிறித்தவத்துக்கு எதிராக எழுதிய நூல் தொலைந்துபோயிற்று. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் அதை மறுத்தபோது வாக்கியம் வாக்கியமாக எடுத்தாண்டதால்தான் இன்று அதன் பெரும்பகுதி தெரிகிறது. நம்மிடமும் குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. அந்தப் பௌத்த வாதங்களை அறிய அதை மறுத்த சமண நீலகேசியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. எதிராளியைச் சுருக்காமல் எழுதிய மறுப்பு, எழுதியவர் உத்தேசித்ததைவிடப் பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறது.

இது ஹாலேக்குப் புரிந்தே இருந்தது. தமிழ்த் தெய்வங்களின் மரபு பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய நூலை அச்சிட பிராங்கே மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆட்கள் அதை அய்ரோப்பாவில் பரப்பலாமா என்பது அவர் வாதம். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. விசுவாசத்தின் நோக்கில் பிராங்கே பயந்தது நியாயமே. எதிராளியின் கேள்வியை முழுசாக எழுதி வைத்தால், கீழேயிருக்கும் பதிலைத் தள்ளிவிட்டு மேலேயிருக்கும் கேள்வியை மட்டும் வாசிக்க ஒருத்தர் பின்னால் வரத்தான் செய்வார். அந்த ஆபத்துக்கு உடன்பட்டுத்தான் இருவர் பேசவே முடியும் என்று நினைக்கிறேன். உடன்படாதவர் செய்வது பிரசங்கம்.