தன்னியக்கப் பரப்புக் கவர்ச்சி அளவீடு

தன்னியக்கப் பரப்புக் கவர்ச்சி அளவீடு என்பது, வளிம மூலக்கூறுகள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் எந்த அளவுக்கு ஒட்டுகின்றன என்பதைக் கணினிக் கட்டுப்பாட்டில் அளந்தறியும் ஆய்வக முறை ஆகும். வளிமம் திண்மத்தின் உள்ளே பரவுவது உறிஞ்சுதல் எனவும், மேற்பரப்பில் மட்டும் தங்குவது பரப்புக் கவர்ச்சி எனவும் அழைக்கப்படும். கரி, வினையூக்கி, பீங்கான் தொழிலில் பயன்படும் களிமண் ஆகியவற்றின் மேற்பரப்பு இம்முறையால் கணக்கிடப்படுகிறது.

வரலாறு

1926 இல் மக்பெயின், பக்ர் ஆகியோர் சுருள்வில் தராசு ஒன்றை அறிமுகப்படுத்தினர். வளிமம் ஒட்டும்போது மாதிரியின் எடை கூடி, அதைத் தாங்கும் மெல்லிய குவார்ட்சு வில் நீளும். அந்நீட்சியை ஆய்வாளர் கண்ணால் பார்த்துக் குறித்தார். மக்பெயின் பின்னர், 1950 இல் திறக்கப்பட்ட புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1938 இல் புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகியோர் வெளியிட்ட சமன்பாடு, ஒட்டிய வளிமத்தின் அளவிலிருந்து மேற்பரப்பைக் கணக்கிட வழிவகுத்தது. கையால் திருகும் கண்ணாடி வால்வுகளும் பாதரச அழுத்தமானியும் கொண்ட பழைய கருவிகளின் இடத்தை, மின்வால்வுகளும் அழுத்த உணரிகளும் கொண்ட கருவிகள் பின்னர் பிடித்தன.

செயல்முறை

* மாதிரியைச் சூடேற்றி, வெற்றிடத்தில் வைத்து, முன்பே ஒட்டியுள்ள நீரும் வளிமங்களும் நீக்கப்படும்.
* மாதிரிக் குழாய் திரவ நைட்ரசனில் (77 கெல்வின்) அமிழ்த்தப்படும்.
* கனஅளவு தெரிந்த அறையிலிருந்து சிறிதளவு நைட்ரசன் வளிமம் குழாய்க்குள் விடப்படும்.
* அழுத்தம் நிலைபெற்றதும், எதிர்பார்த்த அழுத்தத்திற்கும் காணப்பட்ட அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஒட்டிய அளவு கணக்கிடப்படும்.

இது பலமுறை தொடரும்போது சமவெப்பக் கோடு கிடைக்கிறது. ஒரு நைட்ரசன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைப்பதாகக் கொள்ளப்படுகிறது. எனவே, திட்ட வெப்ப அழுத்த நிலையில் 1 கன சென்டிமீட்டர் நைட்ரசன், ஒற்றை மூலக்கூறுப் படலமாகச் சுமார் 4.35 சதுர மீட்டரை மூடும்.

வரம்புகள்

சமநிலை எட்டப்பட்டதா என்பதைக் கருவி, தனக்குக் கொடுக்கப்பட்ட விதிப்படியே முடிவு செய்கிறது. குறுகிய துளைகளில் வளிமம் மெதுவாகப் புகும். காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால், ஒட்டிய அளவு உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும்.

2022 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முன்பே அளக்கப்பட்ட 18 சமவெப்பக் கோடுகள் 61 ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டன. தரவு ஒன்றாக இருந்தும், கணக்கிட்ட மேற்பரப்புகள் வேறுபட்டன. சமன்பாட்டைப் பொருத்துவதற்குரிய அழுத்த எல்லையை ஒவ்வொருவரும் வெவ்வேறாகத் தெரிந்தெடுத்ததே இதற்கு முக்கியக் காரணம். இதனால் மேற்பரப்பு மதிப்புடன், தெரிந்தெடுத்த அழுத்த எல்லையையும் மூலத் தரவையும் சேர்த்து வெளியிடுவது அவசியமாகிறது.