காத்திருக்கப் பழகிய கண்கள்: செட்டிநாட்டில் விழித்திரை விலகலும் கண்புரை தந்த பழக்கமும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் வயதான ஒருவர் "ஒரு கண்ணு மங்கலா இருக்கு" என்றால், வீட்டில் முதலில் எழும் பதில் "புரையா இருக்கும்" என்பது. அடுத்தது, "முகாம் போடுவாங்க" அல்லது "பிள்ளைக வரட்டும், மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்" என்பது. இந்தப் பதில்களை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் நடந்த கண்புரைப் பணி மக்களுக்குக் கற்றுத் தந்த அறிவு இது. பெரும்பாலான நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. விழித்திரை விலகலில் பலர் கண்ணை இழப்பதற்கு இதே அறிவு காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மருத்துவமனையின் தொலைவையும் பணச் செலவையும் தடைகளாகச் சொல்வது வழக்கம். அவை உண்மையே. ஆனால் காலம் பற்றிய இந்தப் பழக்கம் அவற்றைவிடப் பெரிய தடை என்று கருதுகிறேன்.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. 1992-இல் அரவிந்தின் தயாரிப்பு அமைப்பான அரோலேப் தொடங்கி உள்விழி லென்சுகளை மதுரையிலேயே மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகு, தடித்த கண்ணாடி போய் 'லென்ஸ் வைத்துக்கொள்வது' ஊர்ப்பேச்சானது. பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் நடந்த முகாம்கள் வழியே கிராமத்து மனத்தில் நான்கு செய்திகள் பதிந்தன: வயதானால் கண் மங்கும், வலி இல்லையென்றால் அவசரம் இல்லை, தள்ளிப்போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, அறுவை செய்த மறுநாளே பார்வை வந்துவிடும். இவற்றுள் 'தள்ளிப்போடலாம்' என்பது மக்களாகக் கட்டிக்கொண்டதும் அன்று. லென்சை முழுதாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்த காலத்தில், "புரை முற்றட்டும்" என்று திருப்பி அனுப்பியவர்கள் மருத்துவர்களே. அந்த அறிவுரை மருத்துவத்தில் காலாவதியாகிவிட்டது. திண்ணைப் பேச்சில் இன்னும் ஆகவில்லை.

விழித்திரை விலகல் இந்த நான்கு செய்திகளில் ஒன்றுக்கும் கட்டுப்படாது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விழிக்கூழ், நடுவயதுக்குப் பிறகு மெல்ல நீர்த்துச் சுருங்கி விழித்திரையைவிட்டு அகல்கிறது. எல்லோருக்கும் நடக்கக்கூடியது இது; பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. அகலும்போது எங்காவது அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தால் விழித்திரையை இழுக்கிறது. அந்த இழுவையை மூளை மின்னலாக உணர்கிறது. இழுத்த இடம் கிழிந்தால் சிறு குருதிக்குழாய் கசிந்து, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாற்போல் தெரியும். பிறகு நீர் கிழிசல் வழியாகப் புகுந்து, சுவரிலிருந்து ஈரத்தில் உப்பிய சுண்ணாம்புப் பூச்சு கழல்வதுபோல, விழித்திரையைப் பின்னிருந்து பிரித்துக்கொண்டே போகிறது. ஒளியை உணரும் செல்களுக்கு உணவும் உயிர்வளியும் பின்னால் உள்ள குருதிப் படலத்திலிருந்து வருவதால், பிரிந்த பகுதி பட்டினி கிடக்கிறது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. ஆகவே இத்தனையும் ஓசையின்றி நடக்கின்றன.

இங்குள்ளவர்கள் இதைச் சொல்லும் சொற்கள் துல்லியமானவை. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது", "இருட்டுல பளிச் பளிச்சுனு மின்னுது", "ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைக்குது" என்கிறார்கள். பாடநூல் கூறும் மூன்று முதன்மை அறிகுறிகளும் இவையே. மூன்றாவதில் இன்னொரு நுட்பம் உண்டு. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால், கீழிருந்து மேலெழும் நிழல் விழித்திரையின் மேற்பகுதி பிரிந்திருப்பதைக் காட்டும். புவியீர்ப்பும் சேர்ந்து நீரைக் கீழே இழுக்கும் என்பதால், அத்தகைய விலகல் சில நாட்களில், சில வேளை சில மணி நேரத்தில், பார்வையின் நடுவிடமான மையப்புள்ளியை எட்டிவிடும். முகம் அடையாளம் காண்பதும் எழுத்துப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அந்தப் புள்ளியின் வேலை. அது பிரிவதற்கு முன் அறுவை நடந்தால் பழைய பார்வை ஏறத்தாழ அப்படியே தங்கும். பிரிந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் ஒட்டவைப்பது நல்லது. முதல் மூன்று நாட்களுக்குள் என்றால் பயன் இன்னும் கூடும் என்பது அண்மைக்கால ஆய்வுகளின் சாய்வு. மாதங்கள் கடந்து ஒட்டவைத்தால் விழித்திரை இடத்தில் இருக்கும், பார்வை பெரும்பாலும் இராது.

ஒரு கண் பழுதானதை மறு கண் மறைத்துவிடுவது அடுத்த சிக்கல். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பவர், ஒரு கண்ணின் ஓரம் இருண்டதை உணர்வதே இல்லை. தற்செயலாக ஒரு கண்ணைத் துடைக்கும்போதோ கசக்கும்போதோதான் தெரியவருகிறது. அதற்குள் பல நேரம் மையப்புள்ளி போய்விடுகிறது.

காலம் பற்றிய பழக்கமே பெரிய தடை என்ற வாதத்துக்கு மருத்துவ வரலாறும் துணை நிற்கிறது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கியைக் கண்டபின் விலகலைப் பார்க்க முடிந்தது, குணப்படுத்த முடியவில்லை. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனன், விலகலுக்குக் காரணம் கிழிசல், அதைத் தேடிக் கண்டு அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்றார். சக மருத்துவர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலகக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவர் கருத்து நிலைபெற்றது. அவருக்குப் பின் சார்லஸ் ஷெப்பன்ஸ், இரு கண்ணாலும் நோக்கும் தலைக்கருவியைக் கொண்டு விழித்திரையின் கடைசி ஓரம்வரை பார்க்க வழிசெய்தார். அந்த ஷெப்பன்சிடம் பயின்று நாடு திரும்பிய எஸ்.எஸ். பத்ரிநாத், 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். ஆகவே இந்த அறுவையின் அறிவு தமிழ்நாட்டுக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆகிறது. கண்ணுள் நிரப்பும் சிலிக்கான் எண்ணெயையும் இன்று அரோலேப் மதுரையிலேயே தயாரிக்கிறது.

தொலைவைப் பார்ப்போம். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரமும் சற்றுக் கூடுதலும். காலையில் மின்னல் கண்டவர் மாலைக்குள் விழித்திரை மருத்துவர் முன் உட்கார்ந்திருக்க முடியும். உலகின் பல பகுதிகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் வருகிறது. அதே விகிதத்தைக் கொண்டால், 2011 கணக்கெடுப்பின்படி 13.39 லட்சம் மக்கள் வாழும் சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு 130 பேரை எதிர்பார்க்கலாம். இது மதிப்பீடுதான். ஆனாலும் இந்த எண் கைக்கு அடங்காத எண் அல்ல.

யாருக்கு வரும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தது. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்தவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்தவர்கள் முதல் வரிசை. அடிபட்ட கண்ணும் அதில் சேரும். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக் கொம்போ தலையோ கண்ணில் இடித்த இளைஞர், வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுகிறார். ஓரத்தில் பிய்ந்த விழித்திரை மாதங்கள் கழித்துப் பிரியக்கூடும். நீரிழிவில் வரும் விலகல் வேறு வகை. அங்கே கிழிசலுக்கு மாறாகத் தழும்புத் திசு இழுத்துப் பிரிக்கிறது. மின்னலும் பூச்சியும் முன்னறிவிப்பதில்லை. அதற்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை ஒன்றே வழி.

இந்தப் பட்டியலில் என் வாதத்துக்கு முக்கியமானவர்கள் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள். லென்ஸ் மாற்றிய கண்ணில் விலகல் வரும் வாய்ப்பு, மாற்றாத கண்ணைவிடச் சில மடங்கு கூடுதல்; அறுவையின்போது லென்சின் பின்னுறை கிழிந்திருந்தால் மேலும் கூடும். அப்படியும் நூறில் ஒருவர் என்ற அளவுக்குள்தான் பெரும்பாலும் நிற்கும் என்பதால், இதற்கு அஞ்சிப் புரையை விட்டுவைப்பது மடமை. ஆனால் "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று நிம்மதியாக இருப்பவர் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். லென்ஸ் வைத்த கண் மறுபடி மங்கினால் அவர் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு பார்க்கிறார், அல்லது கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பூச்சி பறப்பதாகச் சொல்வோரையெல்லாம் மதுரைக்கு அனுப்பினால் மருத்துவமனை தாங்குமா? ஆண்டுக்கணக்காக ஓரிரு புள்ளி மிதப்பவரை அனுப்ப வேண்டியதில்லை. திடீரென்று புதிதாய்த் தோன்றியவர்களைப் பற்றியது இப்பேச்சு. அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கிழிசல் இருக்கிறது. கிழிசல் நிலையிலேயே கண்டால், சுற்றிலும் லேசர் வைத்து ஒட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். மின்னலும் பூச்சியும் தந்த கிழிசலை அப்படியே விட்டால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விலகலில் முடியும். பத்துப் பேரை வீணாக அனுப்பி ஒருவரைக் காப்பது நட்டமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் டார்ச் விளக்கும் எழுத்து அட்டையும் விழித்திரையின் ஓரத்தைக் காட்டா. கண்பாவையை மருந்திட்டு விரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கீழ்மட்டத்தில் கருவியைவிடக் கேள்விக்கே மதிப்பு: எப்போது தொடங்கியது, மின்னியதா, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் மறைக்கிறது.

அறுவைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றி மக்கள் அறிந்தது இன்னும் குறைவு. வெளியிலிருந்து சிலிக்கான் பட்டை கட்டி அழுத்துவது ஒரு முறை. விழிக்கூழை எடுத்துவிட்டு வாயுவோ எண்ணெயோ நிரப்புவது மற்றொன்று. முதல் அறுவையிலேயே பத்தில் எட்டு ஒன்பது கண்களில் விழித்திரை ஒட்டிவிடும். எஞ்சியவர்களில் பலருக்குத் தழும்பு படர்ந்து மறுபடி பிரியும், மீண்டும் அறுவை வேண்டியிருக்கும். வாயு நிரப்பியவருக்கு முதலில் கையசைவுக்கு மேல் தெரியாது. பிறகு நீர்மட்டம் போன்ற கோடு ஒன்று ஆடிக்கொண்டே நாளுக்கு நாள் இறங்கும். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஆகும். எண்ணெய் தானாகக் கரையாது. சில மாதம் கழித்து எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். மறுநாளே தெளிந்த புரைக் கண்ணைப் பார்த்துப் பழகிய குடும்பம், இந்த மங்கலைக் கண்டு "ஆபரேஷன் பெயில்" என்று முடிவுகட்டி மறுபரிசோதனையை விட்டுவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. போதாததற்கு, லென்ஸ் மாற்றாத கண்ணானால், விழிக்கூழ் எடுத்தபின் ஓரிரு ஆண்டில் பெரும்பாலும் புரையும் வளரும்.

கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலர் நாட்கணக்கில் குப்புறப் படுக்கவோ தலை கவிழ்ந்து உட்காரவோ வேண்டும். உணவு எடுத்துக் கொடுக்க, சொட்டு மருந்து விட, கழிப்பறைக்குக் கைபிடிக்க ஆள் தேவை. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் இதுவே கடினம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீட்டில் பெரும்பாலும் ஓர் ஆச்சி தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஒரு கண் மறைந்திருக்கையில் ஆழம் பிடிபடாது. உயரமான வாசற்படியும் முற்றத்துக்கு இறங்கும் படியும் அப்போது இடுப்பெலும்பை முறிக்கக் காத்திருப்பவை. படி விளிம்பில் வெள்ளைப் பட்டை தீட்டுவதும், படுக்கையைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றுவதும் சொட்டு மருந்துக்குக் குறையாத சிகிச்சை.

கடல் கடந்த குடும்பங்களுக்கு இன்னொன்று. கண்ணில் வாயு இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது. விமான அறையின் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையின் அழுத்தத்துக்குச் சமம். அங்கே வாயு விரிந்து கண்ணழுத்தம் எகிறும், குருதியோட்டம் நின்று பார்வை நிரந்தரமாகப் போகலாம். அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திருச்சியில் டிக்கெட் எடுக்கும் மகன், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். கொடைக்கானலும் ஏறத்தாழ 2,100 மீட்டர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காற்றாடப் போய்வரும் பயணம் அதே கேட்டைச் செய்யும். வேறு அறுவைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு அந்த வாயுவை ஊதிப் பெருக்கும்.

புதுக் கட்டடமோ புதுக் கருவியோ கேட்காமலே இந்த மாவட்டத்தில் ஒன்றைச் செய்யலாம். கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் சொட்டு மருந்து எழுதிய சீட்டு ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. மின்னல், பூச்சி, திரை என்ற மூன்று சொற்களையும், "இவற்றில் எது திடீரென்று தோன்றினாலும் முகாமுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள்" என்ற வரியையும், விழித்திரைப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் அங்கே அச்சிடுமாறு, முகாம் நடத்தும் மருத்துவமனைகளையும் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.