வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்புவோருக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது?

"கேன்சலில் வந்துவிட்டார்", "எக்ஸிட் அடித்து வந்துவிட்டார்" என்ற பேச்சு நம் ஊர்களுக்குப் புதிதல்ல. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், கடையநல்லூர் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடா வருமானத்தில் எழுந்த வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படித் திரும்பி வந்தவருக்கு முதல் மாதம் விருந்திலும் உறவினர் சந்திப்பிலும் கழிந்துவிடும். இரண்டாவது மாதம் "எப்போது பயணம்?" என்று கேட்கத் தொடங்குவார்கள். மூன்றாவது மாதம் அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார். நான்காவது மாதம், கையில் இருக்கும் சர்வீஸ் பணத்தைப் போட்டு ஏதாவது ஒரு கடையைத் திறந்துவிடுவார். தெரியாத தொழிலில் பதினைந்து வருட உழைப்பு ஒரே ஆண்டில் கரைந்துபோவதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம்.

ஊரில் வேலையே இல்லை என்பது உண்மையல்ல. வளைகுடாவில் பெற்ற அனுபவத்தை இங்கே செல்லுபடியாக்கும் வேலையைத்தான் நாம் செய்வதில்லை. அந்த வேலையை விமானம் ஏறிய பிறகு தொடங்கக் கூடாது, அங்கே இருக்கும் கடைசி ஓராண்டிலேயே தொடங்க வேண்டும். அதற்கான விவரங்களைக் கீழே தொகுத்துத் தருகிறோம்.

திரும்பி வருவது விதிவிலக்கல்ல

1990ல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்தபோது, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் தாயகம் அழைத்து வரப்பட்டனர். 2011ல் சவூதி அரேபியா கொண்டுவந்த நிதாகத் சட்டம், சொந்தக் குடிமக்களுக்கு வேலை தராத நிறுவனங்களுக்கு நெருக்கடி கொடுத்தது. 2016ல் அங்கே மொபைல் கடைகளிலும், 2018ல் துணிக்கடை, மரச்சாமான் கடை, மின்னணுப் பொருள் கடை போன்ற சில்லறை வணிகங்களிலும் வெளிநாட்டவருக்கான இடம் சுருங்கியது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு 2017ல் தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கிய கட்டணம் 2020ல் 400 ரியால் ஆனது. அதே 2020ல் கொரோனாவால் வந்தே பாரத் விமானங்களில் ஊர் வந்தவர்களை நாம் மறக்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022 முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தன் குடிமக்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று விதித்துள்ளது.

ஆகவே ஊர் திரும்புவது தோல்வியல்ல. வளைகுடா நமக்கு வேலை செய்யும் இடமே தவிர, குடியுரிமை தரும் இடமல்ல. போகும்போதே திரும்பும் நாளையும் கணக்கில் வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை.

அனுபவம் இருந்தும் வேலை கிடைக்காதது ஏன்?

முதல் காரணம் காகிதம். லேபர் விசாவில் போய் பத்து வருடம் சூப்பர்வைசர் வேலை பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுடைய இகாமாவில் இன்றும் "தொழிலாளி" என்றுதான் இருக்கும். இங்கே நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, அவர் சொல்வதை நிரூபிக்க ஒரு தாளும் இருக்காது.

இரண்டாவது காரணம், இங்குள்ள சட்டமும் நடைமுறையும் வேறு என்பது. தொழில் வாரியாகப் பார்ப்போம்.

ஓட்டுநர்: வளைகுடா லைசென்ஸை வைத்து இங்கே ஓட்டுநர் வேலையில் சேர முடியாது. பலருடைய இந்திய லைசென்ஸ் அவர்கள் அங்கே இருக்கும்போதே காலாவதியாகிவிடுகிறது. ஓராண்டுக்குள் புதுப்பித்தால் எளிது. அதைக் கடந்துவிட்டால் மீண்டும் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். விடுமுறையில் வரும்போதே தேதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீசியன்: பராமரிப்பு வேலைக்கு அனுபவச் சான்று போதுமானதாக இருக்கலாம். ஆனால் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்ய, தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றும் உரிமமும் தேவை.

வெல்டர்: 6ஜி வரை தேர்ந்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தில் தேறியது அந்த நிறுவனத்தோடு முடிந்துவிடும். புதிய இடத்தில் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும். கை பழக்கம் விட்டுப்போவதற்கு முன், வந்த சில மாதங்களுக்குள் கொடுப்பது நல்லது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பயிற்சிகளும் நடக்கின்றன.

சேஃப்டி ஆபீசர்: நெபோஷ் சான்றிதழைக் கட்டுமானத் திட்டங்களில் மதிப்பார்கள். ஆனால் தொழிற்சாலைகளில் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் பதவிக்குத் தொழிற்பாதுகாப்பில் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோ கேட்பார்கள். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் அந்தப் படிப்பை நடத்துகிறது.

கணக்காளர்: இங்கே ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். அதற்கு முன்பே வெளிநாடு போனவருக்கு வளைகுடாவின் வாட் கணக்கு தெரிந்திருக்கும், ஜிஎஸ்டி தெரிந்திருக்காது. ஜிஎஸ்டியும் டிடிஎஸ்ஸும் டேலியில் எப்படிப் பதிவாகின்றன என்பதைக் குறுகியகாலப் பயிற்சியில் கற்றுக்கொண்டால், பழைய அனுபவம் மீண்டும் கைகொடுக்கும்.

சமையல் கலைஞர்: மந்தி, அல்ஃபஹம், ஷவர்மா எல்லாம் இன்று சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. இவற்றை முறையாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு உணவகங்களில் இடம் இருக்கிறது.

வேலை எங்கே இருக்கிறது?

நம் சகோதரர்கள் செய்யும் பெரிய தவறு, சொந்த ஊருக்குள்ளேயே வேலை தேடுவது. கடலோரச் சிற்றூரில் சில்லர் ஏசி மெக்கானிக்குக்கு என்ன வேலை இருக்கும்? சென்னையின் மருத்துவமனைகள், பெரிய வணிக வளாகங்கள், டேட்டா சென்டர்களில்தான் அவருக்கு வேலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் உள்ளன. கோவையில் பம்பு, இயந்திரத் தொழில், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், காலணி, திருப்பூரில் பின்னலாடை. கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்களும், கிடங்கு, கப்பல் சரக்கு வேலை பார்த்தவர்களும் தூத்துக்குடி, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களைச் சுற்றித் தேட வேண்டும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் தொழிற்சாலையும் தொடங்கப்பட்டுள்ளது.

இரண்டாயிரம் மைல் தாண்டிப் போய் வேலை பார்த்தவர், இருநூறு மைல் தள்ளிப் போகத் தயங்க வேண்டியதில்லை. மாதம் இருமுறை வீட்டுக்கு வந்து போகலாம். பிள்ளையின் பரீட்சைக்கும் உம்மாவின் மருத்துவமனைக்கும் கூடப் போகலாம்.

தமிழ்நாடு அரசு நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களிலும் நேரடியாகக் கலந்துகொள்ளலாம். மீண்டும் வெளிநாடு செல்ல முடிவெடுத்தால், ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன், 1978ல் தொடங்கப்பட்ட அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிடுங்கள்.

கடைசி ஓராண்டில் செய்ய வேண்டியவை

1. அனுபவச் சான்றிதழ்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, உண்மையில் செய்த வேலை, கடைசிச் சம்பளம் ஆகியவை நிறுவனத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும். அரபியில் தந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று கேளுங்கள். விசாவில் உள்ள தொழில் வேறாக இருந்தால், பார்த்த வேலையைத் தனியாகக் குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்.

2. துணை ஆதாரங்கள்: சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் விவரம், சவூதியில் இருப்பவர்களுக்கு கோசி பதிவுச் சான்று, பயிற்சிச் சான்றுகள், முடித்த திட்டங்களின் பட்டியல். கம்பெனி மூடப்பட்டாலும் இவை பேசும். இகாமாவும் வங்கிக் கணக்கும் முடிந்துவிட்டால் இவற்றை எடுப்பது கடினம்.

3. சர்வீஸ் பணம்: ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். சவூதி சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் தானாக ராஜினாமா செய்தால், இரண்டு ஆண்டுக்குள் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. பத்து ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. பத்து ஆண்டு முடிந்தால்தான் முழுமையும் கிடைக்கும். ஒன்பதரை ஆண்டில் கோபத்தில் எழுதிக் கொடுப்பவர், ஆறு மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கிறார். அமீரகத்தில் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பின், ஓராண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் இதில் பிடித்தம் இல்லை.

4. அயலகத் தமிழர் நலவாரியம்: 2021ல் அயலகத் தமிழருக்கெனத் தனித்துறை அறிவிக்கப்பட்டது. அதன் நலவாரியத்தில் வெளிநாட்டில் இருக்கும்போதே உறுப்பினராகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

5. வங்கிக் கணக்கு: நிரந்தரமாகத் திரும்பினால் என்ஆர்ஈ கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும்.

சொந்தத் தொழில் செய்ய நினைத்தால்

கேரளாவில் 1996லேயே வெளிநாடுவாழ் மலையாளிகளுக்குத் தனித்துறை அமைக்கப்பட்டு, திரும்பி வருவோரின் தொழிலுக்குத் தனி மானியத் திட்டமும் நடக்கிறது. நம் மாநிலத்தில், பொதுவான திட்டங்களையே நாமும் பயன்படுத்தலாம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்டம் போடலாம். சிறுபான்மையினருக்கு நகரத்தில் 25 சதவீதமும், கிராமத்தில் 35 சதவீதமும் மானியம் உண்டு. மாநில அரசின் நீட்ஸ் போன்ற திட்டங்களும் உள்ளன. எல்லாவற்றுக்கும் அணுக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மானியங்கள் வங்கிக் கடனோடு இணைந்தவை, கடனுக்கு வட்டி உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் இதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்குள்ள வழி, சிறியதாகத் தொடங்குவது அல்லது கூட்டு வியாபாரம். கூட்டு என்றால் மச்சானாக இருந்தாலும் முதல், உழைப்பு, லாபம், நட்டம், பிரியும் முறை அனைத்தையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தத் தொழிலாக இருந்தாலும், அதே தொழில் நடக்கும் ஓரிடத்தில் ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டுப் பிறகு இறங்குங்கள். அதுவரை சர்வீஸ் பணத்தைத் தொடாதீர்கள். வீட்டு மாடி கட்டவும், திருமணச் செலவுக்கும், உறவினருக்குக் கைமாற்றாகவும் அது போய்விட்டால், பிறகு நல்ல வாய்ப்பு வரும்போது கை வெறுமையாக இருக்கும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

"அங்கே 2,000 ரியால் வாங்கியவர் இங்கே 20,000 ரூபாய்க்கு வேலை பார்ப்பதா?" என்று கேட்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரியால் 44,000 ரூபாய். சாப்பாடு, அறை, போன் என்று 700 ரியால் போனால், வீட்டுக்கு வந்தது 28,600 ரூபாய்தான். அதிலும் டிக்கெட், விடுமுறைச் செலவு, ஊருக்கு வாங்கி வரும் பெட்டிகள் எல்லாம் கழிய வேண்டும். உண்மையான வித்தியாசம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. உள்ள வித்தியாசத்துக்கு ஈடாக ஒரு வாப்பா வீட்டில் இருக்கிறார்.

வரப்போகும் வருமானம் எவ்வளவு, அதற்குள் வீட்டுச் செலவை எப்படி அடக்குவது என்பதைக் கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அவர் வந்து இறங்குவதற்கு முன்பே பேசிவிடுவது இன்னும் நல்லது. மஹல்லா ஜமாஅத்துகளும் வெளிநாடுகளில் உள்ள ஊர் நலச் சங்கங்களும், திரும்பி வந்தவர்களின் தொழில் விவரங்களை ஒரு பட்டியலாக வைத்திருந்து, ஆள் தேடும் தொழிலதிபர்களுக்கு அனுப்பலாம். இதற்குச் செலவில்லை, அக்கறை மட்டும் போதும்.

இனி ஒருவர் ஊர் வந்தால், "எப்போது பயணம்?" என்று கேட்பதற்குப் பதிலாக "என்ன வேலை தெரியும்? யாரிடம் சொல்லி வைக்கலாம்?" என்று கேட்போம்.