பறவை காத்த ஊரும் பத்திரம் பெற்ற மக்களும்

மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழிப்போர் அக்காட்சியை எளிதில் மறவார். வைகறையில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டங் கூட்டமாய் இரை தேடிப் புறப்படும். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகளைக் காத்திருக்கும். வட ஆசியாவினின்றும் வந்த ஊசிவால் வாத்துக்கள் நடுநீரில் மிதக்கும். அந்தியில் மற்றவை கூடு திரும்பும் வேளையில், இரவில் இரை தேடும் வக்காக்கள் மெல்லப் புறப்படும். காலையில் ஒரு கூட்டம் போவதும் மாலையில் ஒரு கூட்டம் வருவதும், முறை மாற்றி வேலை செய்யும் ஆலைத் தொழிலாளரை நமக்கு நினைவூட்டும்.

கண்டு களிப்பதற்கு இவ்வளவு போதும். ஆயின், இக்காட்சி இத்தனை காலம் நிலைத்தது எங்ஙனம் என்பதே சரித்திரம் அறிய விரும்புவோர் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

தாங்கல் என்பது சிற்றேரி. வேடன் தாங்கல் என்னும் பெயரே அவ்விடத்தின் பழைய நிலையைச் சொல்லும். ஒரு காலத்தில் நிலப்பிரபுக்கள் வேட்டையாடி மகிழ்ந்த இடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டனர். ஊரார் வாளாவிருக்கவில்லை, திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். அதன் பயனாக, 1798 ஆம் ஆண்டில் லயோனல் பிளேஸ் என்னும் கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமை அவ்வூராருக்கு உண்டென்று கௌல் எழுதிக் கொடுத்தார். அவ்வுரிமை 1858 இல் புதுப்பிக்கப்பட்டது. 1936 இல் அவ்வேரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று.

அமெரிக்கர் தம் எல்லோஸ்டோன் பூங்காவை 1872 இல் அமைத்தனர். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் பிறந்தது. அவற்றுக்கெல்லாம் முன்னரே, பெயர் தெரியாத குடியானவர்கள் கலெக்டர் கையால் ஓர் எழுத்தைப் பெற்றுவிட்டார்கள்!

இஃது வெறும் ஜீவகாருண்யமா? அன்று. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்நீரில் பயிருக்கு வேண்டிய உரச்சத்து மிகுகிறது. அதைப் பாய்ச்சிய வயல்கள் செழிக்கின்றன. நத்தைகுத்தி நாரையோ வயலிலுள்ள நத்தைகளைத் தின்று வாழ்கிறது. ஆகவே பறவையைக் காத்தவன் தன் நெல்லையும் காத்தான். எந்தச் சாமியும் கனவில் வந்து கட்டளையிட வேண்டியிருக்கவில்லை. கண் திறந்து பார்த்த அனுபவ அறிவே போதியதாயிற்று.

எனினும் இக்கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. செழித்த வயல்கள் யாருக்குச் சொந்தமாயிருந்தன? செங்கற்பட்டுச் சீமையில் நிலவுரிமை மிராசுதாரர்களிடமிருந்தது. சேற்றில் இறங்கி உழைத்த படியாட்களுக்கு நிலமில்லை. பலருக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை. 1891 இல் அந்த ஜில்லாக் கலெக்டர் திரமென்ஹீர் இவர்களுடைய அவலத்தை அறிக்கையாக எழுதினார். அதன் பின்னரே, 1892 இல், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. அங்ஙனம் நிலமற்றிருந்தோருட் பலர், செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களினின்றும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். பறவைகள் பருவந்தோறும் திரும்பின. இவர்களிற் பலரோ திரும்பவேயில்லை.

வந்தவர்கள் சிலாங்கூரில் காடு திருத்தி ரப்பர் வளர்த்தார்கள். 1978 இல் மாநிலத் தலைநகரான ஷா ஆலம் முன்னர் தோட்ட நிலமே. இந்நாட்டிலும் வடதிசைப் பறவைகள் புரட்டாசி முதல் பங்குனி வரை தங்குகின்றன. கோல சிலாங்கூர் சேற்றுக்கரையில் உள்ளான்கள் இரை பொறுக்கும்; காப்பார் மின் நிலையத்தின் சாம்பற் குளங்களிலும் அவை இளைப்பாறும். 1940 இல் தோன்றிய இயற்கைக் கழகத்தாரின் முயற்சியால் 1987 இல் கோல சிலாங்கூரில் இயற்கைப் பூங்கா அமைந்தது. டெங்கில் அருகே ஈயம் தோண்டிய பள்ளங்களும் நீர்நிலைகளாகிப் பாயா இண்டா என்னும் ஈரநிலப் பூங்காவாயின. பறவைக்கு இடம் ஒதுக்கிய இச்செயல்கள் போற்றத்தக்கனவே.

ஆனால் அதே டெங்கிலில் மனிதரின் கதை வேறு. 1921 இல் தோன்றிய பிராங் பெசார் தோட்டமும், அதனருகிலிருந்த செட்ஜ்லி, மேடிங்லி, கேலவே தோட்டங்களும் புத்ராஜெயா நகருக்காக எடுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் 1990களில் டெங்கில் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. தரைவீடு வேண்டி அவர்கள் நெடுங்காலம் போராட நேர்ந்தது. ஏன்? அவர்கள் பெயர் செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்டது. நிலப்பத்திரத்தில் ஒருநாளும் எழுதப்படவில்லை. பிரட்டுக் களத்தில் எத்தனை முறை பெயர் கூப்பிட்டாலும் அது உரிமையாகாது.

வேடந்தாங்கல் நமக்குக் கற்பிப்பது இதுவே: ஓரிடத்தைப் பேணி வளர்த்தோர் அதன்மேல் தமக்குள்ள உரிமையை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும், பெற்றதைத் தலைமுறைதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 2020 இல் அச்சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. இருநூறு ஆண்டு கடந்தும் காவல் தளர்ந்தால் இழப்பு நேரும் என்பதற்கு இதுவே சான்று.

தோட்டங்கள் கைமாறும் இக்காலத்தில், கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் கேட்பதோடு நம்மவர் நின்றுவிடலாகாது. குடியிருக்கும் வீட்டுக்கும், அதனருகே ஓடும் ஆற்றுக்கும், அங்கே வந்திறங்கும் நாரைக்கும் சேர்த்தே கேட்கவேண்டும். கூடியே கேட்கவேண்டும். அன்று கலெக்டர் வாசலில் நின்றவர்கள் தனித்தனியே சென்றிருப்பின் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்களன்றோ?